நிறுத்தி வைத்த காரில் கரண்டைக் குடிப்பது யார்?

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. மறைக்க விரும்பவில்லை.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் திருச்சுழி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் போனில் யாருக்கோ தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். தெருவுக்கே கேட்கிற குரல்.

"பொம்பளைக கையில வண்டியக் குடுத்தா பேட்டரி எறங்கத்தான்யா செய்யும். லைட்ட அணைக்க மாட்டாளுக, கதவ ஒழுங்காச் சாத்த மாட்டாளுக. பேட்டரிய மாத்தாத. ஓட்டுற ஆள மாத்து."

சொல்லிவிட்டுச் சிரித்தார். டீ ஆற்றுகிறவரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "அந்தம்மா லைட்டை அணைக்கலன்னு நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் கூடுதல் எரிச்சல். "சரி மேடம். அப்ப நிறுத்தி வச்ச வண்டில கரண்டு எங்க போகுது? நீங்களே சொல்லுங்க" என்றார்.

எனக்குக் கார் ஓட்டக்கூடத் தெரியாது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். திருச்சுழி வரும்வரை வாய்க்குள்ளேயே அவரிடம் சண்டை போட்டுக்கொண்டு போனேன்.

பிறகு நாலு பேரிடம் கேட்டு, பதிலைத் தெரிந்துகொண்டேன். அது ஒரு வரிப் பதில்தான். ஆனால் ஒரு வரியில் சொன்னால் அந்த மாதிரி ஆட்கள் காதில் வாங்குவதில்லை. அதனால்தான் இந்தக் கதை. இதில் வருகிறவர்கள் எல்லாரும் என் கற்பனை. கோபம் மட்டும் சொந்தச் சரக்கு.

2

திறப்பு, முதல் முயற்சி:

"திருச்சுழிக்குத் தெற்கே, கரிசல் காட்டின் மேல் சூரியன் ஒரு செம்பழமாக எழுந்து வந்தபோது, செல்வலட்சுமி காரின் சாவியை மெல்ல"

இதோடு நிறுத்திவிட்டேன். ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவளுக்குச் சூரியன் பழமாகவா தெரியும்? நேரமாகிவிட்டது என்று தெரியும்.

இரண்டாம் முயற்சி:

"செல்வலட்சுமி பயந்த சுபாவம். கார் என்றாலே அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். இருந்தாலும் குடும்பத்துக்காக"

யார் சொன்னது அவள் பயந்தவள் என்று? எழுதிவிட்டுத் திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த டீக்கடைக்காரர் என் பேனாவுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருக்கிறார். (டீ ஆற்றுகிறவரைச் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்தவரைச் சொல்கிறேன்.) அடித்தேன். கோடு தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

மூன்றாம் முயற்சி:

"வண்டி 'டக்' என்றது. அவ்வளவுதான்."

இது நிற்கட்டும்.

3

வண்டி 'டக்' என்றது. அவ்வளவுதான். செல்வலட்சுமி சாவியைத் திரும்பவும் திருகினாள். இந்த முறை அந்தச் சத்தம்கூட வரவில்லை.

பின்சீட்டில் தைத்து முடித்த நைட்டிகள், மூட்டை மூட்டையாக, மேற்கூரையை முட்டிக்கொண்டு இருந்தன. திங்களும் வியாழனும் அவற்றை அருப்புக்கோட்டைக் கம்பெனியில் இறக்கிவிட்டு, வெட்டிய துணியை ஏற்றிக்கொண்டு வந்து, இந்தப் பக்கம் எம்.ரெட்டியபட்டி வரை வீட்டிலிருந்தே தைக்கிற பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவளே உண்டாக்கியது. முதலில் ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போனாள். பிறகு வீட்டில் இருந்த இந்தப் பழைய வெள்ளைக் காரை ஓட்டக் கற்றுக்கொண்டாள். பத்து மணிக்குள் மூட்டை போய்ச் சேராவிட்டால் வெட்டிய துணி வேறு ஊருக்குப் போய்விடும். அந்த வாரம் இங்கே தையல் மெஷின்கள் சும்மா கிடக்கும்.

(ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் அங்கே போய் செல்போன் டவர் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். இல்லை. இப்போதைக்கு அது போதும்.)

மாமனார் சின்னச்சாமி தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். இடுப்பு சரியில்லாத மனிதர். பருத்தி எடுக்கிற நேரம். காட்டுக்குக் கிளம்பியவரைக் கார் பிடித்துக்கொண்டது.

"மறுபடியுமாத்தா?"

"ஆமா மாமா."

அவர் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். வழக்கமான ஆட்கள் வந்தார்கள். தீபாவளி கழிந்து சில நாட்களில் தொடங்கிய கூத்து, மாசி பிறந்தும் முடியவில்லை. யார் எந்தப் பக்கம் கை வைப்பது என்பதுகூட இப்போது முடிவாகிவிட்டது. மண் ரோட்டில் தள்ளிக்கொண்டு போகும்போது ஒருவர் ஜன்னல் வழியாகக் குனிந்து கேட்டார்.

"நேத்து லைட்ட அணைச்சியா தாயி?"

"அணைச்சேன் சித்தப்பா."

"நல்லா யோசிச்சுப் பாரு."

அவள் இரண்டாவது கியரில் கிளட்சை விட்டாள். வண்டி குலுங்கிப் பிடித்தது. பின்னால் யாரோ சொன்னது புழுதிக்கு நடுவே தெளிவாகக் கேட்டது: "ஆம்பள ஓட்டுற வரைக்கும் இந்த வண்டி ஒரு நாளும் நின்னதில்ல."

இங்கே ஒரு குறிப்பு. அந்த ஆள் சொன்னது பொய் இல்லை. அவள் கணவன் ஓட்டியபோது வண்டி நின்றதில்லை. உண்மையை வைத்து ஒருத்தியை எப்படி அடிக்கலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. குறிப்பு முடிந்தது. கோபம் முடியவில்லை.

4

கணவன் வீரபாண்டி ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவனோடு பேச வேண்டும் என்றால் அவள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் படியில் பாதி ஏறி நிற்க வேண்டும். அங்கேதான் ஒரு கோடு, இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். அன்று சாயங்காலம் அப்படி நின்றுதான் பேசினாள்.

"ஏங்க, இன்னைக்கும் தள்ளித்தான் எடுத்தோம்."

"உள்ள லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கும். நீ பாத்திருக்க மாட்ட."

"ரெண்டு தடவ போயிப் பாத்துட்டுத்தான் வந்து படுத்தேன்."

"அப்பக் கதவு சரியாச் சாத்தியிருக்காது. ஒனக்கு வண்டி பழக்கம் பத்தாது செல்வி, சொன்னாக் கோவிச்சுக்கிருவ. இங்க பாரு, ஞாயித்துக்கெழம வாரேன். குமாரலிங்கபுரத்துல ஒரு ஆளு வண்டி கேட்டுருக்காரு. குடுத்துருவோம். நீ ஷேர் ஆட்டோவுல போயிக்க."

நைட்டி மூட்டைகளோடு ஷேர் ஆட்டோவில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? டிரைவர் மூட்டையைப் பார்த்ததுமே வண்டியை நிறுத்தாமல் போய்விடுவார். காரைக் கொடுப்பது என்றால் வேலையைக் கொடுப்பது. அவளுடைய வேலையை மட்டும் இல்லை, தைக்கிற அத்தனை பேருடைய வேலையையும். வீரபாண்டிக்கு இது தெரியாது என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

அதற்கு முன்பிருந்தே அவள் ஒரு காரியம் செய்துவந்தாள். வண்டி எடுத்த நாளெல்லாம் சாயங்காலம் காரைப் பூட்டியதும் நாலு பக்கமும் சுற்றிவந்து போட்டோ எடுத்தாள். கதவு சாத்தியிருக்கிறது, விளக்கு அணைந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. தன் வீட்டு வாசலில், தான் ஓட்டிவந்த வண்டிக்கு, தனக்கே சாட்சி சேர்த்துவைக்கிற நிலைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு கட்டத்தில் போட்டோவைப் பார்த்தும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. எடுத்த பிறகு ஏதாவது செய்துவிட்டேனோ என்று.

5

எலக்ட்ரீசியன் சோணைமுத்துவை மூன்று முறை திருத்தி எழுதினேன்.

முதல் படியில் அவர் ஒரு ஞானி. பானெட்டில் காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் அப்படி ஒருவர் இருந்திருந்தால் தீபாவளி வாரத்திலேயே கதை முடிந்திருக்குமே! இரண்டாவது படியில் அவர் ஏமாற்றுக்காரர். அதுவும் சரிவரவில்லை. சோணைமுத்து ஏமாற்றுகிற ஆள் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, தெரியாத இடம் வந்ததும் ஓட்டுகிறவள் தலையில் போட்டுவிடுகிற ஆள். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் என்பதால் அவரை அப்படியே விட்டுவிட்டேன்.

அருப்புக்கோட்டையில் அவர் கடை. பேட்டரியைச் சோதித்தார், சரியில்லை என்றார், வாரண்டியில் புதிது மாற்றிக் கொடுத்தார். அதுவும் வீட்டுக்கு வந்ததும் செத்தது. வண்டி ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தார், ஏறுகிறது. நிறுத்திய வண்டியிலும் மீட்டர் வைத்துப் பார்த்தார், பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. கடைசியில் இரண்டு நாள் வண்டியைக் கடையிலேயே நிறுத்திவைத்தார். மூன்றாம் நாள் சாவியைத் தொட்டதுமே ஸ்டார்ட் ஆனது.

"வண்டியில ஒண்ணுமில்ல தங்கச்சி" என்றார். "எங்கடையில நல்லாத்தான நிக்குது? ஒங்க வீட்டுல போயித்தான் எறங்குதுன்னா..."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. முகம் சொன்னது.

செல்வலட்சுமிக்கு அன்றுதான் முதன்முறையாகக் கோபம் வந்தது. (என் கோபம் அவளுக்கு இத்தனை பக்கம் தாமதமாக வந்து சேர்ந்ததற்கு வருந்துகிறேன். அவளுக்கு வேலை அதிகம்.)

"அண்ணே, நோவு வந்தவன் ஆசுபத்திரியில நல்லாருக்கான், வீட்டுக்குப் போனா விழுகுறான்னா, வீட்டுல என்ன இருக்குன்னு போயிப் பாக்கணுமா இல்லியா? வண்டி எங்க சாகுதோ அங்க வந்து பாருங்க."

"அம்புட்டுத் தூரம்..."

"நான் கூட்டிட்டு வாரேன், நானே கொண்டாந்து விடுறேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள பாத்துச் சொல்லலன்னா வண்டியே இருக்காது. அப்பறம் நீங்க பாக்கவும் வேணாம்."

அவர் வந்தார். ரோஷத்தில் வந்தாரா, பாவம் பார்த்து வந்தாரா என்று நான் முடிவுசெய்யவில்லை.

6

இப்போது டீக்கடை மனிதருக்காக, கொஞ்சம் நிதானமாக.

நிறுத்திவைத்த காரில் கரண்டு போகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பேட்டரியின் மைனஸ் முனையில் இருக்கிற கேபிளைக் கழற்ற வேண்டும். கழற்றிய கேபிளுக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரைக் கோத்துவிட வேண்டும். வண்டியிலிருந்து கரண்டு கசிந்தால் அது மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். தூங்குகிற வண்டியும் துளி குடிக்கும், கடிகாரத்துக்கு, பூட்டுக்கு. அது தப்பில்லை. அதற்கு மேல் காட்டினால் எதுவோ முழித்துக்கொண்டு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது மீட்டரில் எண் விழுகிறதோ அந்த வழியில் திருடன் இருக்கிறான்.

பார்த்தீர்களா? இதில் எந்த இடத்திலும் 'பொம்பள' என்று ஒரு கருவி இல்லை.

சோணைமுத்து வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து மீட்டரைக் கோத்தார். கதவுகளைச் சாத்திவிட்டுக் காத்திருந்தார். பிறகு எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எங்கடையில இவ்வளவு காட்டலயே!"

"இங்க காட்டுதுல்ல?" என்றாள் செல்வலட்சுமி. மூன்று மாதத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் சாட்சி அந்த எண்தான். போட்டோக்கள் செய்யாததை அது செய்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை யாரும் பார்க்காதபடி டிக்கிப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அவர் ஃபியூஸ்களைப் பிடுங்கினார். சின்னச்சாமி துண்டை விரித்துப் பிடிக்க, அதில் ஒவ்வொன்றாக வைத்தார். ஹாரன், விளக்கு, பாட்டுப்பெட்டி, வைப்பர். எல்லாம் வந்துவிட்டன. எண் அந்தத் துளிக்கு மேல் இறங்கவே இல்லை.

"ஃபியூஸ் வழியா வரல. அப்ப பேட்டரியிலருந்து நேரா எவனோ இழுத்துருக்கான்." குனிந்து பிளஸ் முனையைப் பார்த்தார். ஒல்லியாக ஒரு சிவப்பு வயர் தனியாகக் கிளம்பி உள்ளே போயிற்று. "இது என்னது?"

"சாமி லைட்டுண்ணே."

7

சாமி லைட்டைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அந்த ஊரில் யாருமே அதைச் சொல்லவில்லையே, நான் மட்டும் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்?

தீபாவளிக்கு வந்த வீரபாண்டி காரை எடுத்துக்கொண்டு மதுரை போய்விட்டு வந்தான். டேஷ்போர்டின் மேல் கண்ணாடிக் கூட்டுக்குள் கருப்பசாமி நின்றார். சுற்றிலும் சிவப்பும் நீலமுமாகக் குட்டிக் குட்டி விளக்குகள். "சாமிக்கு முன்னால வெளக்கு அணையக் கூடாதுன்னு நேரா பேட்டரியிலயே குடுக்கச் சொல்லிட்டேன்" என்றான். "நீ ஒத்தையில போற வார. அவரு பாத்துக்கிடுவாரு." செல்வலட்சுமிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தைக்கிற பெண்களிடமெல்லாம் சொன்னாள். அவர்களில் யாரையும் லேசில் மெச்சாத பெத்தம்மாள்கூட, "ஒம் மாப்பிள்ளைக்கு ஒம் மேல எம்புட்டுக் கருத்து பாரு" என்று சொன்னாள்.

வண்டி நின்ற ஒவ்வொரு முறையும், தள்ள வந்த ஒவ்வொருவரும், கருப்பசாமியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கை வைத்தார்கள். கும்பிட்ட வாயாலேயே "லைட்ட அணைச்சியா?" என்று கேட்டார்கள். இரவும் பகலும் அணையாமல் எரிகிற ஒரு விளக்கு எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. அதை யாரும் லைட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. அது சாமி.

சோணைமுத்துவும் சேர்க்கவில்லை. "அது குட்டி லைட்டு தங்கச்சி. ஒரு வருசம் எரிஞ்சாலும் பேட்டரிய ஒண்ணும் செய்யாது."

"கழத்திப் பாத்துருவோம்."

"நான் கை வைக்க மாட்டேன். நாளைக்கு ஒங்க வீட்டுல ஒண்ணு கெடக்க ஒண்ணுன்னா எம் பேருதான் அடிபடும்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறினாள். கருப்பசாமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கோவிச்சுக்கிடாத சாமி" என்று சொல்லிவிட்டுப் பீடத்துக்குப் பின்னால் இருந்த பின்னைப் பிடுங்கினாள். விளக்குகள் அணைந்தன.

"எவ்வளவுண்ணே காட்டுது?"

"ஒரு நூலு கொறஞ்சிருக்கு. அவ்வளவுதான்." சோணைமுத்துவின் குரலில் வெற்றி. "சொன்னேன்ல? சாமி மேல பழி போடலாமா?"

அவள் விரல் அந்த வயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போயிற்று. டேஷ்போர்டு இடுக்குக்குள், ஸ்டீயரிங்குக்குக் கீழே. கறுப்பு டேப் சுற்றிய இடத்தில் வயர் தடித்தது. அங்கிருந்து வயர் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று சாமிக்கு வந்தது. இன்னொன்று வேறு எங்கோ போனது.

போனின் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, சீட்டில் மல்லாந்து படுத்து, கையை உள்ளே விட்டாள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்பு டப்பா கையில் சிக்கியது. தொட்டால் சூடு. இழுத்தாள்.

"விழுந்துருச்சு!" என்று வெளியே சோணைமுத்து கத்தினார். "எண்ணு விழுந்துருச்சு தங்கச்சி! அதேதான்! அதேதான்!"

அவள் டப்பாவை நீட்டினாள். சோணைமுத்து பார்த்தார். கத்தியவர் அப்படியே அடங்கிவிட்டார்.

8

"இது நான் மாட்டல" என்பதுதான் அவர் சொன்ன முதல் சொல்.

பிறகு, அவள் பார்வை தாங்காமல், சொன்னார். வண்டி எங்கே இருக்கிறது, எந்த ரோட்டில் போகிறது, எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒருவருடைய போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற டப்பா. உள்ளே சிம் இருக்கும். டவர் இருக்கிற இடத்தில் கொஞ்சமாகக் குடிக்கும். டவர் இல்லாத ஊரில் விடாமல் தேடும். தேடத் தேடக் குடிக்கும். "ஒங்க போனு இங்க வந்தாச் சூடாகி சார்ஜ் போகுதுல்ல, அதே மாதிரி."

அதனால்தான் அருப்புக்கோட்டைக் கடையில் வண்டி நன்றாக நின்றது. அதனால்தான் வீட்டு வாசலில் செத்தது. இரண்டு நாள் நின்றால் போதும், தேடித் தேடியே பேட்டரியை உறிஞ்சிவிடும்.

டீக்கடை ஐயா, பதில் இதுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

சின்னச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன டப்பாத்தா அது?"

"நான் எங்க போறேன், எங்க நிக்கிறேன்னு ஒங்க மகனுக்குச் சொல்ற டப்பா மாமா."

அவர் கையில் துண்டு நிறைய ஃபியூஸ்களோடு நின்றார்.

"அப்ப நாங்க இம்புட்டு நாளாத் தள்ளுனது?"

அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தள்ளிய இடுப்பு அவருடையது. எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. ஒரு பெரிய மனிதர் மகனுக்கு எதிராகத் தர்மம் பேசுவார் என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன், கிழித்துவிட்டேன்.

சோணைமுத்து தொண்டையைச் செருமினார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதை மறக்க வேண்டாம்.

"ஒண்ணு செய்யலாம் தங்கச்சி. இத சாவி போட்டாத்தான் கரண்டு வார லைன்ல மாத்திக் குடுத்துர்றேன். வண்டி ஓடும்போது மட்டும் வேல செய்யும். நிக்கும்போது பேட்டரி எறங்காது. வீட்டு விசயம், ஒங்களுக்குள்ள இருக்கட்டும். நான் ஒண்ணும் பாக்கல. பேட்டரிப் பிரச்சினை தீந்துரும்ல?"

பேட்டரிப் பிரச்சினை தீர்ந்துவிடும்!

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்ச் சமையலறையில் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். வேவு பார்க்கிற டப்பா இருக்கலாம், பேட்டரி மட்டும் இறங்கக் கூடாது. ஒரு மனுஷிக்கு நடந்த அநியாயத்தை ஒரு வயரை மாற்றிப் போட்டுச் சரிசெய்துவிடலாம்.

"அந்த லைன்ல சாமி லைட்ட மாத்திக் குடுங்கண்ணே" என்றாள் செல்வலட்சுமி. "வண்டி ஓடும்போது அவரு முழிச்சிருந்தாப் போதும். வீட்டுல நிக்கும்போது அவரும் கொஞ்சம் தூங்கட்டும். டப்பாவ எங்கிட்டக் குடுங்க."

9

வீரபாண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அவனைக் காப்பாற்ற முயற்சி செய்தேன். அவனுக்காக ஒரு பத்தி:

"ஓசூரில் இரவு ஷிப்ட் முடிந்து வந்த வீரபாண்டி, ஆளில்லாத திருச்சுழி ரோட்டில் தன் மனைவி தனியாக வண்டி ஓட்டிப் போவதை நினைத்து"

நினைத்துப் பயந்திருக்கலாம். வண்டி திருடு போகக்கூடாது என்று மாட்டியிருக்கலாம். சரி, அவ்வளவையும் கொடுத்துவிடுகிறேன். பயம் தப்பில்லை. ஆனால் பயந்தவன் அவளிடம் சொல்லிவிட்டு மாட்டியிருக்கலாமே. சாமியின் வயரில் ஏன் ஒளித்துவைக்க வேண்டும்? யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று தெரிந்து தேர்ந்தெடுத்த இடம் அது.

அதையும் விட்டுவிடுகிறேன். விடமுடியாதது ஒன்று இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிப் படியில் நின்று அவள் ஒவ்வொரு முறையும், "ஏன் எறங்குதுன்னே தெரியலங்க" என்று சொன்னபோது, தான் உள்ளே ஒரு டப்பா வைத்திருப்பது அவனுக்குத் தெரியும். நேராக பேட்டரியில் கொடுத்திருப்பதும் தெரியும். தெரிந்தும், "நீ லைட்ட அணைச்சிருக்க மாட்ட" என்றான். ஊரே அவளைக் கேட்டபோது அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் தன்னையே நம்பாமல் காரைப் போட்டோ எடுக்கிற இடம்வரை வந்தாள். அந்த வண்டியைத்தான் அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சொல்லி விற்கப்போனான்.

பத்தியை முடிக்கவில்லை. முடிக்கவும் மாட்டேன்.

10

முடிவுகள்.

(அ) அவள் டப்பாவைக் கிணற்றில் எறிகிறாள். இல்லை. அந்தப் பக்கம் தண்ணீர் இருக்கிற கிணறு கிடைப்பதே அபூர்வம். தவிர, கிணற்றில் போனது பேசாது.

(ஆ) அவள் டப்பாவை அருப்புக்கோட்டை–திருச்சுழி டவுன் பஸ்ஸின் சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுகிறாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை தன் பொண்டாட்டி அங்கும் இங்கும் அலைவதை ஓசூரில் உட்கார்ந்து பார்த்து வீரபாண்டிக்குத் தலை சுற்றுகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். சிரித்துவிட்டால் அவன் தப்பித்துவிடுவான். வேண்டாம்.

(இ) அவள் ஒன்றும் நடக்காதது போல் டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிறாள். இப்படி முடிகிற வீடுகள்தான் அதிகம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் எழுதமாட்டேன்.

நடந்தது வேறு. நான் தேர்ந்தெடுத்ததில்லை, அவள் தேர்ந்தெடுத்தது.

"இதுக்குள்ள சின்னதா ஒரு பேட்டரி இருக்கும்" என்று சோணைமுத்து சொல்லியிருந்தார். "லைனக் கழத்துனாலும் கொஞ்ச நேரம் உசுரோட இருக்கும். டவர் கெடைச்ச ஒடனே, வயரக் கழத்திட்டாகன்னு போனுக்குச் சொல்லிப்புடும். அதனால ஒடச்சுப் போட்டுருங்க."

அவள் உடைக்கவில்லை. ஃபியூஸ்களைத் திரும்பப் பொருத்தி, சாமி லைட்டின் லைனையும் மாற்றி முடித்த சோணைமுத்துவைப் பின்சீட்டில் ஏற்றினாள். மாமனார் தானாகவே முன்சீட்டில் ஏறிக்கொண்டார்; ஏன் என்று அவள் கேட்கவில்லை. சாவியைத் திருகினாள். யாரும் தள்ளாமல் வண்டி பிடித்தது. கருப்பசாமியைச் சுற்றி விளக்குகள் எரிந்தன. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, டவர் இருக்கிற பக்கமாக ஓட்டினாள்.

மெயின் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் போன் அடித்தது. ஓரமாக நிறுத்தினாள். என்ஜினை அணைக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏ செல்வி! வண்டி எங்க நிக்குது? என்ன, வண்டிக்குள்ள லைனு கட்டாயிருச்சு?"

சின்னச்சாமி மகனின் குரலையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்சீட்டில் சோணைமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அந்தப் பக்கம், தான் என்ன கேட்டுவிட்டோம் என்று வீரபாண்டிக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு குரலை மாற்றிக்கொண்டான்.

"இல்ல... மறுபடி பேட்டரி எறங்கிருச்சோன்னு கேட்டேன். நேத்து லைட்ட அணைச்சியா?"

இங்கே சின்னச்சாமி கையை நீட்டிப் போனை வாங்கி, "டேய்" என்று தொடங்கினார். நாலு வரி எழுதினேன். நன்றாகவே இருந்தன. பிறகு யோசித்தேன். இப்போதும் அவளுக்காக ஓர் ஆண்பிள்ளைதான் பேச வேண்டுமா? நாலு வரியையும் அடித்துவிட்டு, போனை அவர் கையிலிருந்து வாங்கி அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாததால் இல்லை. நான் எழுதினால் நீங்கள் படித்துவிட்டு, "நல்லாக் கேட்டா" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து, வீட்டில் யாரையாவது "லைட்டை அணைச்சியா?" என்று கேட்பீர்கள். அதனால் உங்கள் முறை. அவள் இடத்தில் உட்காருங்கள். டப்பா மடியில் இன்னும் சூடாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்டுத் தொடங்காதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள், போட்டோக்களைக் காட்டாதீர்கள்.

அவன் இன்னும் லைனில்தான் இருக்கிறான். பேசுங்கள்.